ஊசியும் நூலும் ஓர் ஐரோப்பியப் பிரயாணமும்



நம்முடைய பெற்றோர் பிழைப்பை நாடி மும்பைக்கும் தில்லிக்கும் பெங்களூருக்கும் வந்த நாட்களில், கோடை விடுமுறை என்றால் ஒரே ஒரு பிரயாணந்தான் இருந்தது. பிள்ளைகளையும் தகரப் பெட்டியையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ போய், தாத்தா பாட்டியோடு ஒரு மாதம் தங்கிவிட்டுத் திரும்புவார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று படித்து, நல்ல வேலைகளில் அமர்ந்து, தங்கள் பிள்ளைகளோடு ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்கிறார்கள். "பாஸ்டர், இந்த விடுமுறைக்கு ஐரோப்பா போகிறோம், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுக்கொள்ளும் குடும்பங்கள் சபைதோறும் உண்டு. இது மகிழ்ச்சிக்குரிய காரியமே.

ஆனால் திரும்பி வந்தவர்களிடம் "என்ன கண்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கைப்பேசியில் ஆயிரம் படங்கள் இருக்கும். எந்தக் கோபுரம் எந்த ஊரில் இருந்தது என்று பிள்ளைகளுக்கே நினைவிருக்காது. பத்து நாளில் ஏழு நாடு என்று ஓடும் பேருந்தின் ஜன்னல் வழியாகப் பார்த்தவை மனதில் எப்படித் தங்கும்? பல ஆண்டுச் சேமிப்பு இப்படிக் கரைந்துபோவது வருத்தத்திற்குரியது.

ஆகவே இம்மாதம் உங்கள் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். ஐரோப்பாவை அவசரமில்லாமல் பாருங்கள். நம் வீட்டுத் தாய்மாரும் சகோதரிகளும் நன்கறிந்த ஒரு சிறு கைவேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த நூலைப் பிடித்துக்கொண்டே பாருங்கள். கிராஸ் ஸ்டிச் என்று நாம் சொல்லும் குறுக்குத் தையலே அந்தக் கைவேலை. அரசர்களின் அரண்மனைகள் சொல்லாத பலவற்றை அது உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்.

சதுரக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி

குறுக்குத் தையல் மிக எளியது. துணியின் ஒரு சிறு கட்டத்தில் ஒரு சாய்கோடு, அதன் மேல் எதிர்ப்புறமாக இன்னொரு சாய்கோடு. பெருக்கல் குறி போன்ற ஒரு தையல் உண்டாகும். இந்தக் குறிகளை எண்ணி எண்ணி அடுக்கினால் பூவும் பறவையும் வீடும் எழுத்தும் தோன்றும்.

இதற்கென்றே நெய்யப்படும் ஐடா துணி, எம்பிராய்டரி நூல் விற்கும் கடைகளில் கிடைக்கும். தொடங்குபவர்களுக்கு 14 கவுண்ட் துணி ஏற்றது. ஓர் அங்குலத்தில் 14 கட்டங்கள் என்பது அதன் பொருள். எம்பிராய்டரி நூல் ஆறு இழைகளாகத் திரிக்கப்பட்டிருக்கும். அதில் இரண்டு இழைகளை மட்டும் பிரித்து, முனை மழுங்கிய 24-ஆம் எண் ஊசியில் கோத்துக்கொள்ள வேண்டும். நூலை 45 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக வெட்டினால் சிக்கும். துணியை நான்காக மடித்து நடுவைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்க வேண்டும். மேலே வரும் சாய்கோடு எல்லாத் தையல்களிலும் ஒரே திசையில் இருக்க வேண்டும். பின்புறம் முடிச்சுப் போடாமல், நூலின் நுனியைத் தையல்களுக்கு அடியில் நுழைத்து முடிக்க வேண்டும்.

இவ்வளவுதான் இலக்கணம். ஆனால் ஒரு கட்டம் தவறினால் அடுத்தடுத்த வரிசைகள் யாவும் தவறும். அப்போது பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்க வேண்டும். அகலத்தில் 70, உயரத்தில் 70 கட்டங்கள் கொண்ட படம் ஐந்து அங்குலச் சதுரத்தில் அடங்கிவிடும். அதை முழுவதும் நிரப்ப 4,900 தையல்கள் வேண்டும். மணிக்கு நூறு தையல் போடும் கைக்கு அது 49 மணி நேர வேலை. விரலால் ஒரு கணத்தில் படம் தள்ளிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ஒரு நல்ல பாடம்.

லண்டன்: எழுத்துக் கற்பித்த ஊசி

ஐரோப்பாவின் பழைய வீடுகளில் பெண்பிள்ளைகள் ஊசியால் எழுத்துக் கற்றார்கள். ஒரு நீளத் துணியில் எழுத்துகளையும் எண்களையும் சிறு உருவங்களையும் தைத்துப் பழகுவார்கள். அந்த மாதிரித் துணிக்கு சாம்ப்ளர் என்று பெயர். வசதியான வீடுகளில் படுக்கை விரிப்புகளும் மேசைத் துணிகளும் ஏராளமாக இருந்தன. அவை காணாமலும் மாறாமலும் இருக்க ஒவ்வொன்றின் ஓரத்திலும் வீட்டாரின் முதலெழுத்தையும் எண்ணையும் தைத்து வைத்தார்கள். நம்முடைய துணிகளில் சலவைக்காரர் இடும் குறியைப் போன்றதுதான். அதற்குக் குறுக்குத் தையலே மிகவும் பயன்பட்டது. ஆகவே எழுத்தைத் தைக்கத் தெரிந்த பெண்ணுக்கு வேலை கிடைத்தது.

லண்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், ஆண்டு குறிக்கப்பட்ட ஆங்கில சாம்ப்ளர்களில் மிகப் பழையதாக அறியப்படுவது இருக்கிறது. ஜேன் போஸ்டாக் என்ற பெண் 1598-இல் தைத்தது. அதில் எழுத்துகள் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குமுன் பிறந்த ஆலிஸ் லீ என்ற குழந்தையின் பெயரும் உண்டு. ஷேக்ஸ்பியர் நாடகம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெண் ஒரு குழந்தைக்காகத் தைத்த துணி நானூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது.

அதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இன்னொரு துணி உண்டு. அதில் பூவும் இல்லை, ஓர அலங்காரமும் இல்லை. வெள்ளைத் துணியில் சிவப்புப் பட்டு நூலால், மிகச் சிறிய குறுக்குத் தையல்களாக, வரிவரியாக எழுத்துகள் மட்டுமே உள்ளன. எலிசபெத் பார்க்கர் என்ற ஏழைப்பெண் ஏறத்தாழ 1830-இல் தைத்தது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் 1813-இல் ஓர் உழைப்பாளியின் வீட்டில் பல பிள்ளைகளுள் ஒருத்தியாகப் பிறந்தவள் அவள். 13-ஆம் வயதிலேயே வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டாள். வேலை செய்த ஒரு வீட்டில் எஜமான் அவளைக் கொடுமையாக நடத்தினான். யாரிடமும் சொல்ல முடியாமல், உயிரையே மாய்த்துக்கொள்ளத் தூண்டும் எண்ணத்தோடு போராடிய அவள், தன் துயரத்தையும் பாவ உணர்வையும் தேவனிடம் வைத்த மன்றாட்டையும் அத்துணியில் தைத்தாள். தன் ஆத்துமாவின் கதி என்னவாகும் என்ற கேள்வியோடு தையல் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. துணியின் மீதிப் பகுதி வெறுமையாக இருக்கிறது.

ஆனால் அவள் வாழ்க்கை அங்கே நின்றுவிடவில்லை. பிற்காலத்தில் அவள் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி, 76 வயதுவரை வாழ்ந்தாள் என்று அவளுடைய வரலாற்றை ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். வாலிபப் பிள்ளைகளை உடைய பெற்றோரே, இந்தச் சரித்திரத்தை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வாக்கியம் பாதியில் நின்றாலும் வாழ்வு நிற்க வேண்டியதில்லை என்பதை அவர்கள் அறியட்டும். சொல்ல முடியாத துயரம் இருந்தால் உங்களிடம் வந்து சொல்லலாம் என்பதையும் அறியட்டும். நகரத்தில் நம்முடைய சமையலறையில் பாத்திரம் துலக்கும் சிறு பெண்ணை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதையும் வீட்டார் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

இத்தகைய மெல்லிய துணிகள் வெளிச்சம் பட்டால் மங்கும். ஆகையால் அவை எப்போதும் காட்சியில் இருப்பதில்லை. அந்த அருங்காட்சியகம் 2025 மே 31 அன்று கிழக்கு லண்டனில் ஸ்டோர்ஹவுஸ் என்ற சேமிப்புக்கூடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. அங்கே சேமிப்பிலுள்ள பொருள்களை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்து அருகில் இருந்து பார்க்கலாம். புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிரிஸ்டல்: சிவப்பு நூலில் ஒரு நற்சான்று

ஜார்ஜ் முல்லரை அறியாத விசுவாசி நம் சபைகளில் அரிது. பிரஷ்யாவில் 1805-இல் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836-இல் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் திறந்து, மனிதரிடம் பணம் கேட்காமல் ஜெபத்தினாலேயே அதை நடத்தியவர் அவர். 1898-இல் அவர் மரிப்பதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்ந்திருந்தார்கள். ஆஷ்லி டவுன் குன்றின்மேல் 1849 முதல் 1870 வரை ஒவ்வொன்றாக எழும்பிய ஐந்து பெரிய கட்டடங்களும் இன்றும் அந்தப் பகுதியில் நிற்கின்றன. கல்விக்கும் குடியிருப்புக்கும் அவை பயன்படுத்தப்பட்டு வந்திருக்கின்றன.

முல்லர் என்றதும் அப்பமும் பாலும் வந்த காலை வேளையே நம் பிரசங்கங்களில் வரும். ஆனால் அவ்வில்லங்களின் பெண்பிள்ளைகள் தைத்த சாம்ப்ளர்களைப் பற்றி நாம் கேட்டிருக்கமாட்டோம். கைத்தையல் வரலாற்றை அறிந்தவர்கள் இன்று உலகமெங்கும் அவற்றை மிக உயர்வாக மதிக்கிறார்கள். மெல்லிய வெள்ளைத் துணியில் பெரும்பாலும் சிவப்பு நூல் ஒன்றினாலேயே, பல விதமான எழுத்து வரிசைகளும் எண்களும் ஓர வடிவங்களும் இடைவெளியின்றி நெருக்கமாகத் தைக்கப்பட்டிருக்கும். தைத்த பிள்ளையின் முதலெழுத்துகளும் இல்லத்தின் பெயரும் ஆண்டும் பலவற்றில் காணப்படும்.

அந்த நெருக்கத்திற்குக் காரணம் உண்டு. இல்லத்தில் வளர்ந்த பெண்கள் வயது வந்ததும் பெரிய வீடுகளில் வேலைக்குச் சென்றார்கள். பரிந்துபேசத் தாய் தகப்பன் இல்லாத பெண்ணுக்கு அவள் தைத்த துணியே கைத்திறனுக்குச் சாட்சி. எந்த எழுத்துவகையில் வேண்டுமானாலும் வீட்டுத் துணிகளுக்குக் குறி தைக்க என்னால் முடியும் என்று அந்தச் சிவப்பு நூல் அவளுக்காகப் பேசியது. முல்லர் ஐயா ஜெபித்தார், தேவன் போஷித்தார். அதோடு பிள்ளைகளின் கைகளும் பழக்கப்படுத்தப்பட்டன. விசுவாசமும் தொழிற்பயிற்சியும் அங்கே ஒன்றுக்கொன்று விரோதமாக இருக்கவில்லை. யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்தபோது விதவைகள் பேதுருவிடம் காட்டியதும் அவள் தைத்த அங்கிகளைத்தான் என்பதை அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து பிரிஸ்டலுக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாகவே ஆகும். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம்.

ஹார்லெம்: துணியின் மறுபுறம்

அடுத்து நெதர்லாந்து. லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குக் கடலடிச் சுரங்கம் வழியாக ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் செல்லும் நேரடி ரயில் உண்டு. ஆம்ஸ்டர்டாமிலிருந்து இருபது நிமிடத்திற்குள் ஹார்லெம் என்ற அமைதியான பழைய நகரம். அங்கே பார்டெல்யோரிஸ் தெருவில் 19-ஆம் எண்ணுள்ள கடிகாரக் கடை வீடுதான் கொரி டென் பூம் அம்மையார் குடும்பத்தின் வீடு. அது இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. சிறிய வீடாகையால் சிறு குழுக்களாகவே அழைத்துச் செல்வார்கள். முன்பதிவு அவசியம்.

இரண்டாம் உலகப் போரில் அக்குடும்பம் யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்துக் காத்தது. 1944 பிப்ரவரி 28 அன்று அவர்கள் கைது செய்யப்பட்டார்கள். கொரியின் படுக்கையறையில் பொய்ச்சுவருக்குப் பின்னால் நின்றிருந்த ஆறு பேரை மட்டும் தேடி வந்தவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. 84 வயதான தகப்பனார் காஸ்பர் பத்து நாட்களுக்குள் சிறைக்காவலில் மரித்தார். சகோதரி பெட்சி அவ்வருடம் டிசம்பரில் ராவன்ஸ்ப்ரூக் முகாமில் மரித்தார். கொரி உயிரோடு வெளியே வந்தார்.

தனிச்சிறையில் இருந்த நாட்களில் அவருக்கு வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. அதில் ஊசியும் ஒரு சிவப்புத் துவாலையும் இருந்தன. அவர் துவாலையின் இழைகளை உருவி, தன் இரவு உடையின்மேல் சிறு உருவங்களைத் தைத்து அந்தத் தனிமையைக் கடந்தார். விடுதலைக்குப்பின் பல தேசங்களில் பேசியபோது, ஒரு கிரீடம் தைத்த துணியைக் கையில் வைத்திருப்பார். முதலில் அதன் பின்புறத்தைக் காட்டுவார். அது நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கிய அலங்கோலமாக இருக்கும். பிறகு திருப்பிக் கிரீடத்தைக் காட்டுவார். தேவன் காணும் பக்கம் வேறு, நாம் காணும் பக்கம் வேறு என்பது அவர் சொன்ன விளக்கம்.

இந்த உவமையை நாம் பலமுறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். ஆனால் தானே ஊசி பிடித்த பிள்ளைக்கு அது வேறு விதமாக விளங்கும். தன் துணியின் பின்புறத்தை அவளே கண்டிருக்கிறாள் அல்லவா? அந்த வீட்டின் குறுகிய மாடிப்படிகளில் ஏறும்போது, பெட்சியை இழந்த ஒருவர் அப்படிச் சொன்னார் என்பதையும் அவளுக்கு நினைப்பூட்டுங்கள்.

முல்ஹவுஸ்: நம் கரையிலிருந்து போன துணி

பிரான்சின் கிழக்கு எல்லையில், அல்சாஸ் பகுதியில் முல்ஹவுஸ் என்ற தொழில் நகரம் இருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. ஆனால் தமிழருக்கு அந்நகரத்தோடு ஒரு சம்பந்தம் உண்டு.

சோழமண்டலக் கரையில் தீட்டப்பட்ட வண்ணப் பருத்தித் துணிகளை ஒரு காலத்தில் ஐரோப்பா முழுவதும் விரும்பி வாங்கியது. துவைத்தாலும் போகாத அத்தகைய சாயம் அவர்களிடம் இல்லை. ஆங்கிலேயர் 1639-இல் சென்னையில் கால் ஊன்றியதற்கும், டச்சுக்காரர் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் தங்கியதற்கும் துணி வாணிபமே பெருங்காரணம். பிரான்சில் உள்ளூர் நெசவாளருக்கு ஏற்பட்ட நஷ்டத்தினால், 1686 முதல் 1759 வரை இந்தியத் துணிகளை இறக்குமதி செய்வதும் அவற்றைப்போல அச்சிடுவதும் தடை செய்யப்பட்டிருந்தன. அக்காலத்தில் முல்ஹவுஸ் பிரான்சைச் சேராத, சுவிஸ் நாட்டோடு கூட்டுறவு கொண்ட தனி நகரம். அங்கே அந்தத் தடை செல்லாது. ஆகவே 1746-இல் அங்கே துணி அச்சிடும் ஆலை தொடங்கப்பட்டது. அச்சிட்ட துணிகளுக்கு 'இந்தியன்' என்றே பெயர் வழங்கியது.

அந்தத் தொடக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் டி.எம்.சி. நிறுவனம். குறுக்குத் தையல் தைக்கும் எவரும் அறிந்த அதன் நூற்கட்டுகள் இன்றும் முல்ஹவுஸில் தயாராகின்றன. அந்நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றிய ஆஸ்திரியப் பெண்மணி தெரேஸ் டி டில்மாண்ட் 1886-இல் ஊசிவேலைக் கலைக்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகமெங்கும் வீடுகளைச் சேர்ந்தது. நகரில் அச்சுத்துணிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. திறந்திருக்கும் நாட்களை உறுதி செய்துகொண்டு செல்லுங்கள்.

நம் வீடுகளில் பழகிய ஆங்கர் நூலுக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் கிளார்க் குடும்பத்தார் நடத்திய ஆலைக்கு ஆங்கர் மில் என்று பெயர். அந்நகரின் கோட்ஸ் நிறுவனத்தோடு 1896-இல் கிளார்க் நிறுவனம் இணைந்தது. மதுரையிலும் தூத்துக்குடியிலும் பாபநாசத்திலும் ஹார்வி சகோதரர்கள் நிறுவிய ஆலைகள் 1974-இல் கோட்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆயின. உங்களில் சிலருடைய தாத்தாக்கள் அந்த மில் சங்கொலிக்கு எழுந்து வேலைக்குப் போனவர்களாய் இருக்கலாம். சேலை ஓரத்தில் நாம் காணும் மாங்காய் வடிவம் காஷ்மீர் சால்வைகளோடு ஐரோப்பாவுக்குப் போனது. பெய்ஸ்லியில் அதைப் பின்பற்றி நெய்ததால் உலகம் அதற்கு அந்த ஊரின் பெயரையே இட்டுவிட்டது.

எதிர்த்திசையிலும் நூல் வந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்பித்தார். அவர் மகளும் பேராயர் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா அம்மையார் இடையன்குடியில் அதைத் தொடர்ந்தார். திருவிதாங்கூரில் அடிமைப்பட்டிருந்த பெண்களில் சிலர் பின்னல் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். ஊசிவேலையைப் பொழுதுபோக்கு என்று ஏளனமாகப் பேசும் கணவன்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

செலவும் ஒழுங்கும்

இந்த இடங்களை இணைத்து 14 நாள் பிரயாணம் ஒன்றை அமைக்கலாம். லண்டனில் நான்கு நாள், அதில் ஒரு நாள் பிரிஸ்டல். ஆம்ஸ்டர்டாமும் ஹார்லெமும் மூன்று நாள். பாரிஸில் மூன்று நாள். முல்ஹவுஸும், அதற்கு மிக அருகிலுள்ள சுவிஸ் நகரமாகிய பாசெலும், அங்கிருந்து ஆல்ப்ஸ் மலையின் பனியும் மூன்று நாள். மீதி ஒரு நாள் ஓய்வு. பிள்ளைகள் விரும்பும் ஐஃபல் கோபுரமும் படகும் பனிமலையும் இதில் அடங்கிவிடும். பேயோ நகரத்துத் திரைச்சீலை என்று பெயர்பெற்ற, ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள 11-ஆம் நூற்றாண்டுச் சித்திரத்தையலை 2026 செப்டம்பர் முதல் 2027 ஜூலை வரை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைக்கப்போவதாக 2025-இல் அறிவித்திருக்கிறார்கள். அந்நாட்களில் செல்வோர் அதற்கும் முன்பதிவு செய்யலாம்.

பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். மற்ற மூன்று நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். அது இப்போது 29 நாடுகளில் செல்லும். 2024 ஜூன் முதல் அதன் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ, அதற்குக் கீழே கட்டணம் இல்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பிரயாணத்திற்கு ஆறு மாதத்திற்கு முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். லண்டனின் பெரிய தேசிய அருங்காட்சியகங்களில் பொது அனுமதி இலவசம். சமையலறையோடு கூடிய அறை எடுத்தால் ஒரு வேளையாவது சோறு பொங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையன்று அருகில் உள்ள தமிழ்ச் சபையைத் தேடிச் செல்லுங்கள். லண்டன், பாரிஸ், சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களில் ஈழத்துச் சகோதரர் நடத்தும் சபைகள் பல உண்டு. போரில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களோடு அமர்ந்து ஆராதிப்பதும் பிள்ளைகள் காணவேண்டிய காட்சியே.

கடன் வாங்கி மட்டும் போகாதீர்கள். பதினான்கு நாள் மகிழ்ச்சிக்காக மூன்று வருடம் வட்டி கட்டும் வீட்டில் சமாதானம் இராது. பணம் இவ்வாண்டு சேரவில்லையென்றால் அடுத்த ஆண்டு போகலாம். தையல் அதுவரை நடக்கட்டும்.

புறப்படுமுன் பன்னிரண்டு எழுத்துகள்

இனி முக்கியமான காரியத்திற்கு வருகிறேன். நம்முடைய சபைகளில் பாடல் வரிகளை ஆங்கில எழுத்திலோ இந்தி எழுத்திலோ எழுதிவைத்துப் பாடும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. பாட்டி விட்டுச்சென்ற வேதாகமம் அலமாரியில் இருக்கிறது, பேரப்பிள்ளைக்கு அது திறக்கவில்லை. ஐரோப்பாவின் பெண்பிள்ளைகள் எழுத்தை ஊசியால் கற்றார்கள் என்று கண்டோமே, அந்த வழியை நாமும் கைக்கொள்ளலாமே! ஆண்பிள்ளைகளும் கைக்கொள்ளலாம். கூடார வேலையில் சித்திரத்தையல் செய்யும் ஞானத்தைக் கர்த்தர் பெசலெயேல், அகோலியாப் என்ற ஆண்களுக்கே அருளினார் என்று யாத்திராகமம் 35-ஆம் அதிகாரம் கூறுகிறது.

உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் கிராஃப் தாளில் வரையுங்கள். ஓர் எழுத்துக்கு அகலம் 16, உயரம் 16 கட்டங்கள். எழுத்துகளுக்கு நடுவில் நான்கு கட்டங்கள் இடைவெளி. வரிசைக்கு நான்கு எழுத்தாக மூன்று வரிசை. மொத்தம் 76 கட்டம் அகலம், 56 கட்டம் உயரம் வரும். 14 கவுண்ட் துணியில் இது ஏறத்தாழ ஐந்தரை அங்குலத்துக்கு நான்கு அங்குலம். சுற்றிலும் இரண்டு அங்குலம் ஓரம் விட்டுத் துணியை வெட்டுங்கள். தமிழ் எழுத்தின் வளைவுகளைச் சதுரக் கட்டத்தில் அடக்குவது எளிதல்ல. 'அ'வின் சுழியும் 'இ'யின் வளைவும் படிப்படியாகத்தான் வரும். 'ஊ', 'ஔ' இரண்டையும் சற்று நெருக்கி வரைய வேண்டும். ஆனால் அந்தச் சிரமத்தில்தான் எழுத்து மனதில் பதிகிறது. ஒரு சுழியைக் கட்டம் கட்டமாக எண்ணித் தைத்த பிள்ளை அதை மறப்பதில்லை.

வாரம் ஓர் எழுத்து என்றால் பன்னிரண்டு வாரங்கள். விசாவுக்கு ஏற்பாடு செய்யும் நாட்களில் தொடங்கினால், புறப்படுவதற்குள் முடிந்துவிடும். தாய் ஓர் எழுத்து, மகள் ஓர் எழுத்து, மகன் ஓர் எழுத்து என்று பகிர்ந்துகொள்ளுங்கள். தகப்பனாரும் ஓர் எழுத்தாவது தைக்க வேண்டும்.

பிரயாணத்திற்கு ஆளுக்கொரு வேதாகம அடையாளப் பட்டை போதும். 28 கட்டம் அகலமும் 84 கட்டம் நீளமும் கொண்டால் இரண்டு அங்குலத்துக்கு ஆறு அங்குலம் வரும். அதில் நான்கு சிறு உருவங்கள் அடங்கும். லண்டனுக்கு ஒரு சிவப்பு எழுத்து, பிரிஸ்டலுக்கு ஓர் அப்பம், ஹார்லெமுக்கு ஒரு கிரீடம், முல்ஹவுஸுக்கு ஒரு மாங்காய். நீண்ட ரயில் பிரயாணங்களில் தைப்பதற்கு இது ஏற்ற வேலை. விமானத்தில் செல்லும்போது ஊசியையும் கத்தரியையும் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிடுவது கவலையற்றது.

அன்பானவர்களே, இவ்வாண்டு ஐரோப்பா போக வாய்ப்பில்லாத குடும்பங்களே நம்மில் அதிகம் என்பதை அறிவேன். அவர்களுக்கும் இந்த எழுத்துத் துணி உண்டு. ஒரு முழம் ஐடா துணிக்கும் இரண்டு நூற்கட்டுக்கும் ஆகும் செலவு மிகச் சிறியது. ஜேன் போஸ்டாக்கும் எலிசபெத் பார்க்கரும் முல்லர் இல்லத்துப் பெண்பிள்ளைகளும் கையாண்டதும் ஊசி, நூல், துணி என்ற இவைகளையே. வருகிற சனிக்கிழமை மாலையில் தொலைக்காட்சியை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து, துணியின் நடுவைக் கண்டுபிடித்து, 'அ' என்ற எழுத்தின் முதல் கட்டத்தில் ஊசியை ஏற்றுங்கள். கர்த்தர் உங்கள் கைகளின் கிரியையையும், அவர் அனுமதித்தால் உங்கள் பிரயாணத்தையும் ஆசீர்வதிப்பாராக.